எலும்புக்கூட்டுக்கு முதல் பூச்சு

என் மாமியார் எதைக் கையில் எடுத்தாலும் காதருகே வைத்துக் குலுக்குவார். பால் புட்டி, இருமல் மருந்து, ஷாம்பு, தபாலில் வரும் பொட்டலம், பக்கத்து வீட்டிலிருந்து வரும் மூடிய பாத்திரம் என்று எதுவும் அந்தச் சோதனைக்குத் தப்பாது. எங்கள் கல்யாணத்துக்குப் பரிசாக வந்த சுவர்க் கடிகாரத்தையும் அப்படித்தான் குலுக்கினார். அது அன்றைக்கே நின்றுபோனது. "உள்ள ஏற்கெனவே லூசா இருந்திருக்கு. நான் குலுக்கினதாலதான் தெரிஞ்சுது" என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். நான் வந்த புதிதில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றிருந்தேன் என்று என் தோளையும் பிடித்து ஒருமுறை குலுக்கினார்.

"என்னம்மா பண்றே?" என்றார் என் கணவர்.

"உள்ள குண்டு உருளுதான்னு பாக்கறேன்டா."

இது வியாதியில்லை, பழக்கம் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் பிடித்தது. ஸ்பிரே டப்பாவுக்குள் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும். டப்பாவைக் குலுக்கினால் அது கடகடவென்று உருண்டு, அடியில் தங்கிய மருந்தைக் கலக்கிவிடும். குண்டின் சத்தம் மாறும்வரை குலுக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். சத்தம் எப்படி மாறும் என்று கேட்டால், "அது மாறும்போது உனக்கே தெரியும்" என்பார். இத்தனை வருஷம் கேட்டும் எனக்குத் தெரியவில்லை. சத்தம் மாறுகிறதோ இல்லையோ, அவருக்குக் கை வலித்ததும் நிறுத்திவிடுவார்.

அத்தை பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். பொம்மை என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது. அவை படைவீரர்கள். கட்டைவிரல் உயரம். முக்கால்வாசிப் பேர் எலும்புக்கூடுகள். கையில் வாள், தலையில் தொப்பி, சிலருக்கு எலும்புக் குதிரையும் உண்டு. வண்ணம் தீட்டுவதற்கு முன் பிரைமர் என்று ஒரு முதல் பூச்சு போட வேண்டும். அது இல்லாமல் பிளாஸ்டிக்கின் மேல் நேரே தீட்டினால் வண்ணம் பிடிக்காது, விரல் பட்டால் கழன்று வந்துவிடும். மற்றவர்கள் கவலைப்படுவது வண்ணத்தைப் பற்றி. அத்தையின் கவலையெல்லாம் அந்த முதல் பூச்சைப் பற்றித்தான்.

அவர் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து காலம் தள்ளியவர். வருகிறவர்களின் பெயரைக் கேட்டு, உட்காரச் சொல்லி, எழுந்து ஓடப் பார்க்கிறவர்களை மறுபடி உட்காரச் சொல்வது அவர் வேலை. உள்ளே பல்லைக் குடையும் இயந்திரத்தைவிட வெளியே அத்தையின் வாய்க்குத்தான் எல்லாரும் பயப்படுவார்கள் என்று கேள்வி. டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டுப் போனபோது எல்லாரும் கைகுலுக்கி விடைபெற, அத்தை மட்டும் ஒரு பை நிறையச் சாமான்களோடு வீட்டுக்கு வந்தார். முனை தேய்ந்த பல்குத்திக் கருவிகள், பல் அச்சு வைக்கும் நீலப் பெட்டிகள், அப்புறம் பல்லின் நிறம் பார்க்கும் ஒரு வரிசை மாதிரிப் பற்கள். புதுப் பல் கட்டும்போது பக்கத்துப் பல்லோடு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்கு வைத்திருப்பது. பால் வெள்ளையிலிருந்து துருப்பிடித்த மஞ்சள்வரை அதில் எல்லாம் உண்டு.

அத்தையின் எலும்புக்கூடுகள் அந்த வரிசையைப் பார்த்துத்தான் நிறம் பெறுகின்றன.

"இவன் யார் தெரியுதா?" என்று ஒரு எலும்புக்கூட்டை என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "நம்ம பேங்க் மேனேஜர். பத்து வருஷம் சுருட்டுப் பிடிச்ச பல்லு. அதே நிறம் வந்திருக்கு பாரு."

அதற்குப் பிறகு நான் பேங்க் பக்கம் போனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இந்தக் கிறுக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் என் கணவர்தான். பள்ளிக்கூடம் போகும் வயதில் தரையில் புரண்டு அழுது ஒரு பெட்டி எலும்புக்கூடு வாங்கியிருக்கிறார். ஒன்றரை ஆளுக்கு வண்ணம் தீட்டியதும் சலித்துப்போய்ப் பந்து விளையாடப் போய்விட்டார். வாங்கிய சாமான் வீணாகப் போவதைப் பொறுக்கமாட்டாத அத்தை, மிச்சத்தைத் தானே தீட்டி முடிக்க உட்கார்ந்தார். முடித்துவிட்டார். முடிந்ததும் கை சும்மா இருக்கவில்லை. "குதிரை இல்லாம இவனுங்க எப்படிப் போருக்குப் போவானுங்க?" என்று அடுத்த பெட்டி வாங்கினார். பிறகு அந்தக் குதிரைகளுக்குத் துணையாக ஒரு பெட்டி. இப்படியே போனது.

சைக்கிள் கடை மாடியில் இந்தப் பிடிப்புள்ளவர்களின் சங்கம் ஒன்று உண்டு. வாரம் ஒருநாள் கூடுவார்கள். எல்லாரும் ஆண்கள். அவரவர் படையை மேசையில் பரப்பிப் பகடை உருட்டிச் சண்டை போடுவார்கள். அத்தைக்கு அங்கே கிளினிக்கம்மா என்று பெயர். அவர் மட்டும் விளையாட மாட்டார். "விளையாட்டுன்னா ஆளைத் தொடுவானுங்க" என்பார். மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்களின் வீரர்களைக் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்துக் குறை சொல்லிவிட்டு வருவார். அதற்காகவே அவரை ஒவ்வொரு வாரமும் ஆவலோடு எதிர்பார்க்கிறார்கள் என்று அவர் நம்புகிறார்.

வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை, வேலை செய்ய. சுவரோரம் என் தையல் மெஷின். ஜன்னலோரம் அவர் மேசை. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள், அதிகம் பேசவும் வராது. மெஷின் எனக்கும் சேர்த்துப் பேசிவிடும். ஆனால் ஊசியின் மேல் கண் வைத்தபடியே பக்கத்தில் நடப்பதைப் பார்க்க எந்தப் படிப்பும் தேவையில்லை. வருஷக்கணக்காக நான் பார்த்த ஒரே காட்சி அத்தைதான்.

பிரைமரைப் பற்றி அவர் சொல்வதையெல்லாம் எழுதினால் அது தனிப் புத்தகம் ஆகும். கறுப்புப் பூச்சு சோம்பேறிகளுக்கு. இடுக்கில் வண்ணம் போகாவிட்டாலும் நிழல் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வெள்ளை தைரியசாலிகளுக்கு. மேலே போடும் வண்ணம் பளிச்சென்று வரும், செய்த தப்பும் பளிச்சென்று தெரியும். சாம்பல் எதற்கும் ஆகும். கார் பட்டறைகளில் அடிக்கும் பிரைமர் கொள்ளை மலிவு, கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் மூக்கு, காது, விரல் எல்லாம் மூடி, வீரன் மாவில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிடுவான். மழை ஈரம் இருக்கும் நாளில் அடித்தால் பூச்சு சொரசொரவென்று பூசணம் பிடித்ததுபோல் வரும். ரொம்பத் தூரத்திலிருந்து அடித்தால் மருந்து வழியிலேயே காய்ந்து தூளாகப் போய் விழும்.

மனிதர்களையும் அவர் அந்தக் கணக்கில்தான் எடை போடுவார்.

"உன் புருஷன் கறுப்பு. உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. பெரியவன் பொண்டாட்டி சுத்த வெள்ளை. ஒரு விரல் பட்டா போதும், ஊரையே கூட்டிடுவா."

"நான் அத்தை?"

"நீ சாம்பல். மேல எதப் போட்டாலும் வாங்கிக்குவே."

இது புகழ்ச்சியா வசையா என்று மெஷினை ஓட்டிக்கொண்டே யோசித்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

ஸ்பிரே அடிப்பது மொட்டைமாடியில். அட்டைப்பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, அதற்குள் வீரர்களை வரிசையாக நிறுத்தி, வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, கொள்ளைக்காரி மாதிரி நிற்பார். போன வருஷம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒருநாள் காற்று திசை மாறியது.

எங்கள் குடியிருப்புச் செயலாளர் ஒரு வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். வாங்கியதிலிருந்து அவர் காரைவிட்டு இறங்குவதே அபூர்வம். இறங்கினாலும் அதைச் சுற்றி வருவார். அன்றைக்கு மதியம் சாப்பிட மேலே போனவர் திரும்பி வந்து கூரையைத் தடவிப் பார்த்தபோது, கைக்கு உப்புத்தாள்போல் சொரசொரவென்று இருந்திருக்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். காரின் மேல் முழுக்கப் பொடிப்பொடியாகச் சாம்பல் நிறம். தலையைத் தூக்கிப் பார்த்தார். மாடிச் சுவரில் முகத்தில் துணி கட்டிய ஒரு தலை எட்டிப் பார்த்துவிட்டுச் சட்டென்று உள்ளே போனது.

அத்தோடு விட்டிருந்தால் மழையில் பாதி போயிருக்கும். அத்தை நல்ல மனசோடு ஓடி இறங்கி, நகப்பூச்சு எடுக்கும் திரவத்தைத் துணியில் நனைத்து, "ஒரு நிமிஷம், இதோ எடுத்துடறேன்" என்று தேய்த்தார். சாம்பல் போய்விட்டது. அதோடு காரின் பளபளப்பும் போய்விட்டது. கூரையின் நடுவே கண்பார்வை போன கண் மாதிரி ஒரு மங்கல் வட்டம்.

"அம்மா, என்னம்மா பண்ணிட்டீங்க!" என்று செயலாளர் அழாத குறை.

"வெள்ளை வண்டி வாங்கினது யாரு குத்தம்? சாம்பல் வண்டியா இருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

இந்த ஒரு வாக்கியம்தான் காரியத்தைக் கெடுத்தது. செயலாளர் என் கணவரிடம் போகவில்லை. நேரே என் கணவரின் அண்ணனுக்குப் போன் போட்டார்.

பெரியவர் குளியலறைச் சாமான் கடை வைத்திருக்கிறார். பீங்கான் தொட்டி, குழாய், ஓடு. வீடும் கடை மாதிரிதான் இருக்கும். வெள்ளை சோபா, வெள்ளைத் தரைவிரிப்பு, தண்ணீர் குடித்தால் தம்ளரின் அடியைத் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். அவரும் என் ஓரகத்தியும் அந்த வார இறுதியிலேயே வந்து இறங்கினார்கள். ஓரகத்தி வெறுங்கையோடு வரமாட்டார். அத்தைக்குக் கையில் தடவிக்கொள்ள ஒரு பெரிய புட்டி லோஷன் கொண்டு வந்திருந்தார்.

"உங்க கை எப்படி வெடிச்சுப் போயிருக்கு பாருங்க அத்தை. தினம் தடவுங்க. பட்டு மாதிரி ஆயிடும்."

அத்தை அதையும் வாங்கிக் காதருகே குலுக்கிவிட்டு மேசையில் வைத்தார்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, இந்த மாசக் கடைசியில நீ எங்க வீட்டுக்கு வந்துடு. ரூம் ரெடி பண்ணிட்டோம். டிவி இருக்கு. ஜன்னல்ல பூந்தொட்டி இருக்கு."

"மேசை இருக்கா?"

"எதுக்கும்மா மேசை? நிம்மதியா படுத்து டிவி பாரு."

"என் ஆளுங்க?"

பெரியவர் மனைவியைப் பார்த்தார். ஓரகத்தி சோபாவைப் பார்ப்பதுபோல் எங்கள் பழைய நாற்காலியைப் பார்த்தார். "பெயின்ட் எல்லாம் வேண்டாமே அத்தை. கார்ப்பெட் புதுசு. முடிச்சு வச்சிருக்கிறதை வேணும்னா ஒரு கண்ணாடி அலமாரியில வச்சுக்கலாம். சின்ன அலமாரி."

அத்தைக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பேச்சு வராமல் உட்கார்ந்ததை நான் முதல் முறையாகப் பார்த்தேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டேன். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. மாசக் கடைசிக்குப் பிறகு அந்த அறை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போவதைப் பார்த்துப் பார்த்து, எந்தப் பக்கமும் சேராமல் நடுவில் நிற்கும் குணம் வந்துவிட்டது. அன்றைக்கும் நடுவில் நின்றார். "அண்ணா, பிரச்சினை அந்த ஸ்பிரேதானே? பறக்காததா, நாத்தமடிக்காததா ஒண்ணு இருந்தா அம்மா இங்கயே இருக்கட்டுமே."

"அப்படி ஒண்ணு இருந்தாத்தானேடா? மாசக் கடைசி வரைக்கும் பாரு. கிடைச்சு, அது ஒழுங்கா ஒட்டினா சரி. இல்லைன்னா நான் வண்டி எடுத்துட்டு வரேன்."

அப்படி ஒன்று இருந்தது. பிரஷ்ஷால் பூசும் பிரைமர். தண்ணீரில் கரையும், வாடை இல்லை, எங்கேயும் பறக்காது. சங்கத்தில் ஒருவர் அதைப் பயன்படுத்துகிறார் என்பதற்காகவே அவரை அத்தை வருஷக்கணக்காக மனிதராக மதித்ததில்லை.

"பிரஷ்ல பூசறதா? எலும்புக்கூட்டுக்குத் தோல் முளைச்ச மாதிரி இருக்கும்" என்றார் என்னிடம், அவர்கள் போன பிறகு. "சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கறவன் செய்யற வேலை."

ஆனாலும் அடுத்த நாளே கடைக்குக் கிளம்பினார். துணிப்பை தூக்க நானும் போனேன். கடைக்காரர் ஒல்லியான மனிதர். அத்தையைக் கண்டாலே கல்லாவுக்குப் பின்னால் இன்னும் ஒல்லியாகிவிடுவார்.

"பிரஷ்ல பூசற பிரைமர் இருக்கா?"

கடைக்காரர் தன் காதையே நம்பவில்லை. "யாருக்கும்மா?"

"எனக்குத்தான். என்ன, வாய்ல ஈ போற மாதிரி பாக்கறீங்க? வாயை மூடுங்க. கீழ் வரிசையில ரெண்டாவது பல்லு ஆடுது, போய்க் காட்டுங்க."

கறுப்புப் புட்டி ஒன்று கொடுத்தார். அத்தை அதைக் குலுக்கினார். உள்ளே குண்டு இல்லை, சத்தமும் வரவில்லை. "ஊமைப் பய" என்று சொல்லிவிட்டுப் பையில் போட்டார்.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. புது வீரர்களைச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். அச்சிலிருந்து வரும் பிளாஸ்டிக்கில் ஒரு வழுவழுப்பு இருக்குமாம், அது போக வேண்டுமாம். சோப்புத் தண்ணீரில் ஊறிய கை வறண்டு எரிந்தது. லோஷனைப் பிதுக்கி இரண்டு கையிலும் தடவிக்கொண்டார். "பரவால்லையே, நல்லாத்தான் இருக்கு. வெள்ளைக்காரிக்கு இதாவது தெரியுது" என்றார். பிறகு ஒவ்வொரு வீரனையும் இடுப்பில் பிடித்துத் துடைத்து, ஒரு தக்கையின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் பூசினார். முகத்தைச் சுளித்துக்கொண்டே பூசினாலும் கை நேர்த்தியாகத்தான் போனது.

ஒருநாள் காய விட்டார். மறுநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெயிலில் வெந்த முதுகுத் தோல் உரிவதுபோல் பூச்சு ஒரு துண்டாக உரிந்து வந்தது.

"நான் சொன்னேனா இல்லையா!" அவர் குரலில் வெற்றியும் இருந்தது. அது ஒரு நிமிஷம்தான். பிறகு மாசக் கடைசி ஞாபகம் வந்து முகம் வாடிவிட்டது.

கழுவி, லோஷன் தடவி, மறுபடி பூசினார். மறுபடி உரிந்தது. கடைக்கு மறுபடி படையெடுத்தோம்.

"என்னத்தக் குடுத்தீங்க? மையா இது?"

"அம்மா, இதை எத்தனையோ பேரு வாங்கறாங்க. யாருமே..."

"அவங்க ஆளுங்களுக்கு மூஞ்சி உரியலையா?"

"உரியலைம்மா."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

கடைக்காரர் எந்தப் பதில் சொன்னாலும் அடி விழும் என்று தெரிந்து, வேறு கம்பெனிப் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினார். அதுவும் கறுப்பு. அதுவும் உரிந்தது.

அதற்குப் பிறகு அத்தை கடைக்குப் போகவில்லை. நீலப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னார். பல் அச்சு வைத்த பள்ளங்களில் பஞ்சு வைத்து, எலும்புக்கூடுகளை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தார். சவப்பெட்டி மாதிரி இருந்தது. அவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்தான் என்றாலும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"இவனைக் கண்ணாடிக்குள்ள வைக்கலாம். இவனை வேண்டாம், பேங்க் மேனேஜர், அந்த வீட்டுக்கு வர்றவங்க யாராவது அடையாளம் கண்டுபிடிச்சிடுவாங்க" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டே அடுக்கினார். இடையில் கை வறண்டதும் லோஷன் தடவிக்கொண்டார். தடவிய கையால் ஒரு வீரனை எடுத்தார். கட்டைவிரல் முன்பக்கம், ஆள்காட்டி விரல் பின்பக்கம், இடுப்பில்.

உரிந்துபோன வீரர்கள் ஜன்னல் விளிம்பில் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் ஒரு சட்டைக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். எல்லாருக்கும் உரிந்திருந்தது ஒரே இடத்தில். தலையில் இல்லை, காலில் இல்லை, வாளில் இல்லை. இடுப்பில், முன்பக்கம் ஒரு வட்டம், பின்பக்கம் ஒரு வட்டம். மெஷின் எண்ணெய் துணியில் பட்டால் அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாலும் பிடிக்காது. தைக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த தொல்லை அது.

அத்தையிடம் சொல்லலாம்தான். சொன்னால் முதலில் "நான் இத்தனை வருஷம் பண்றேன், நீ எனக்குச் சொல்றியா?" என்பார். பிறகு அது உண்மை என்று தெரிந்ததும் கோபம் லோஷன் புட்டியைக் கொடுத்தவர் மேல் திரும்பும். "வேணும்னே குடுத்திருக்கா. என் ஆளுங்களுக்கு விஷம் வச்சிட்டா" என்று போன் போட்டுவிடுவார். அந்தப் போனுக்குப் பிறகு சமாதானம் என்பதே கிடையாது. எனக்கோ இவ்வளவு நீளமாக ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கும் தைரியம் இல்லை.

அவர் குளிக்கப் போனபோது லோஷன் புட்டியை எடுத்து என் துணி அலமாரியில் போர்வைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மெஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன். பிறகு அவர் வெளியே வந்ததும், என் வாழ்க்கையிலேயே அதிக நீளமான யோசனையைச் சொன்னேன்.

"அத்தை, சாம்பல்ல பூசிப் பாக்கலையே?"

"என்னது?"

"ரெண்டு புட்டியும் கறுப்பு. சாம்பல் எதுக்கும் ஆகும்னு நீங்கதான் சொல்வீங்க."

அத்தை தலையைத் துவட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னால் அவர் மறுக்கமாட்டார். "ஆமா. நான் சொன்னேன்" என்றார்.

கடைக்காரர் எங்களைக் கண்டதும் கதவைச் சாத்தலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. சாம்பல் புட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். முதலில் உரிந்ததே, அதே கம்பெனி. நிறம்தான் வேறு. அத்தை கவனிக்கவில்லை. நான் கடைக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார், இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து சோதனைக்கு ஒரே ஒரு வீரனைக் கழுவினார். கை எரிந்தது. மேசையைத் துழாவினார். "அந்த லோஷன் எங்க?"

"தெரியலையே அத்தை."

"இங்கதானே இருந்துச்சு?" பெட்டிகளுக்கு நடுவில் தேடினார், மேசைக்கு அடியில் குனிந்தார். "சரி, போய்த் தொலையுது. வழவழன்னு பிரஷ்ஷே கையில நிக்க மாட்டேங்குது."

உலர்ந்து வெடித்த கையால் வீரனை இடுப்பில் பிடித்தார். பூசினார். மறுநாள் முழுக்கத் தொடவில்லை. தொடப் பயம் என்று எனக்குத் தெரியும், அவர் சொல்லவில்லை. பெரியவர் வண்டி கொண்டு வருவதாகச் சொன்ன நாளும் வந்துவிட்டது. பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. அத்தை வெளியே போகும் உடுப்பில், கையில் கைப்பையோடு, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே தக்கையின் மேல் ஒரே ஒரு சாம்பல் எலும்புக்கூடு.

பெரியவரும் ஓரகத்தியும் உள்ளே வந்தார்கள்.

"ரெடியாம்மா?"

"இரு. இன்னும் சுரண்டிப் பாக்கலை."

"என்னத்த?"

"ஒட்டினா சரின்னு நீதானே சொன்னே?" அத்தை வீரனை எடுத்து மூத்த மருமகளிடம் நீட்டினார். "உன் நகம்தான் நீளம். நீ சுரண்டு."

ஓரகத்தி கணவரைப் பார்த்தார். பிறகு கறை படிந்துவிடுமோ என்று வீரனை இரண்டு விரல் நுனியால் வாங்கி, மெல்லச் சுரண்டினார்.

"என்ன தடவிக் குடுக்கறே? நல்லா சுரண்டு. அவனுக்கு வலிக்காது, செத்தவன்."

ஓரகத்திக்கும் ரோஷம் வந்துவிட்டது. இடுப்பில், முதுகில், மார்பெலும்பில் நகத்தை அழுத்தி இழுத்தார். அறையில் கரக் கரக்கென்று சத்தம். பூச்சு அப்படியே இருந்தது. சுரண்டியவரின் நகப்பூச்சுதான் ஓரத்தில் பெயர்ந்து, எலும்புக்கூட்டின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டது.

என் கணவர் சிரித்துவிட்டார். நடுவில் நிற்கிற மனிதர் ஒரு பக்கம் சாய்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அண்ணா, ஒட்டிடுச்சு."

பெரியவர் எலும்புக்கூட்டை வாங்கித் தானும் ஒருமுறை சுரண்டினார். கடையில் ஓடுகளைத் தட்டிப் பார்க்கும் பழக்கத்தில் அதை ஒரு தட்டும் தட்டினார். "ஒட்டித்தான் இருக்கு" என்றார், ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியாத குரலில். "ஆனா இனிமே மாடியில டப்பா கூடாதும்மா."

"சத்தியமா கூடாது. அந்த ஸ்பிரேயெல்லாம் கத்துக்குட்டிங்க அடிக்கறது" என்றார் அத்தை. வருஷக்கணக்காகப் பேசிய பேச்சை மடித்து உள்ளே வைக்க அவருக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

ஓரகத்தி உடைந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அத்தையின் கையைப் பார்த்தார். "அத்தை, என்ன இது, கை பழையபடி வெடிச்சிருக்கு? லோஷன் தடவறதில்லையா?"

எனக்கு மெஷினின் மிதியில் கால் அசையவில்லை.

"அது எங்கயோ போயிடுச்சு" என்றார் அத்தை. "இன்னொண்ணு வாங்கிக் குடு."

"நான் வாங்கிட்டு வரேன் அத்தை" என்றேன். நான் பேசியதில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பேசுவதே பெரிய விஷயம் என்பதால், என்ன பேசினேன் என்று யாரும் கவனிப்பதில்லை. நான் இன்றுவரை வாங்கவில்லை. அத்தையும் மறந்துவிட்டார்.

அந்த எலும்புக்கூட்டின் முதுகில் ஒட்டிய சிவப்புப் புள்ளியை அத்தை அழிக்கவில்லை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு சிவப்புக் கோடு போட்டு, ரத்தம் சிந்திய வீரன் என்று வைத்துவிட்டார். எலும்புக்கூட்டுக்கு ரத்தம் ஏது என்று சங்கத்தில் ஒருவர் கேட்டாராம். "மருமக கை பட்டா வரும்" என்று சொல்லிவிட்டு வந்ததாக அத்தையே சொன்னார்.

அத்தை இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார், ஜன்னலோரம். தினமும் பூசுகிறார். கறுப்பில் ஒட்டாது, சாம்பலில்தான் ஒட்டும் என்பது அவருடைய புதுச் சட்டம். சைக்கிள் கடை மாடியில் பாதிப் பேர் அதை நம்பிச் சாம்பலுக்கு மாறிவிட்டார்கள், கடைக்காரர் கறுப்புப் புட்டிகளை விற்க முடியாமல் வைத்திருக்கிறார். செயலாளர் தன் காருக்கு உறை போட்டிருக்கிறார், சாம்பல் நிற உறை. அத்தை எதை எடுத்தாலும் இன்னும் குலுக்குகிறார். லோஷன் என் அலமாரியில் போர்வைக்குப் பின்னால் இருக்கிறது. முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. என் கை பட்டு மாதிரி இருக்கிறது.